நான்காவது தடம்

குழாயில் எண்பது மைக்ரோலிட்டர்.
ஒன்றரைச் சொட்டு என்பாள் உர்வே,
முந்நூற்று இருபது யூரோ என்பார் ஹில்லர்.
இடுப்பில் ஒட்டிய காகிதத்தில்:
முயல். மனித எழுபது. மைனஸ் இருபதில் வைக்கவும்.
கிளிசரின் கலந்திருப்பதால்
அந்தக் குளிரிலும் உறைவதில்லை.
வெளியே தார்த்து நகரத்தின் ஆறு
உறைந்து இரண்டு வாரம்.

எழுபது ஒரு புரதத்தின் எடை,
பெயரும் அதுவே.
புதிதாய்ப் பிறந்த புரதம் ஒரு நீள நூல்.
மடியத் தெரியாது,
கண்டதோடு ஒட்டிக்கொண்டு முடிச்சாகிவிடும்.
எழுபது அதற்குத் துணைக்குப் போகும்:
பிடிக்கும், விடும்,
மறுபடி பிடிக்கும்.
இப்படி மடி என்று
ஒரு வார்த்தை சொல்லாது.
கூடாத சேர்க்கையைத் தடுப்பதோடு சரி.
செல்லுக்குச் சூடு கண்டால் கும்பலாக வரும்.

நாற்பத்திரண்டு டிகிரி, ஒரு மணி நேரம்.
சனிக்கிழமை தோறும் தொண்ணூறில் உட்கார்ந்து
பிர்ச் இலையால் முதுகில் அடித்துக்கொள்ளும் இந்த ஊரில்
அதைச் சூடு என்று யாரும் ஒப்பமாட்டார்கள்.
தட்டில் கிடக்கும் மனித செல்களுக்கு
அது பிரளயம்.

முதல் தடத்தில் சுடாத செல்.
இரண்டாவதில் சுட்ட செல்.
மூன்றும் நான்கும் லேலோ கொண்டுவந்தவை,
எழுபதின் மரபணுவையே கத்தரித்து எறிந்த செல்கள்.
ஒன்றைச் சுட்டாள், ஒன்றைச் சுடவில்லை.
காட்ட எதுவும் இல்லாத தடங்கள்.
சும்மா, ஒரு ஒழுங்குக்காக.

கடைப் பால்பொடியைக் கரைத்துச்
சவ்வைக் குளிப்பாட்டினாள் உர்வே.
ஆயிரத்துக்கு ஒன்று என்று எதிர்ப்பொருள்.
இரவெல்லாம் குளிர் அறையில்
ஆடிக்கொண்டே கிடந்தது தட்டு.
காலையில் ஆட்டின் எதிர்ப்பொருள்,
முயலைக் கண்டால் விடாது பற்றும்,
வால் முனையில் வெளிச்சம்.

இருட்டுப் பெட்டிக்குள் படம் விழுந்தது.
ஒன்று, மங்கல்.
இரண்டு, கருப்பு.
மூன்று, மங்கல்.
நான்கு

கருப்பு.

காபி ஆறிப்போனது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களைப்
பார்த்திருப்பீர்கள்.
ஹில்லர் கெட்டவர் இல்லை.
மூன்று குளிர்காலம், இரண்டு கட்டுரை,
மார்ச்சில் முடியும் ஒரு மானியம்.
"உன் செல் சரியில்லை" என்றார் லேலோவிடம்.
அவள் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினாள்.
வெட்டு, வெட்டிய இடத்தில் இருந்தது.
கீழ்த்தளத்தில் கடன் வாங்கிய எலியின் எதிர்ப்பொருளை
உர்வே இட்டுப் பார்த்தாள்.
நான்காவது தடம்
வெறும் சவ்வு.

விற்றவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள்.
வருந்துகிறோம்.
அந்த முயல் தற்போது இல்லை.
வேறு முயலிலிருந்து புதிய தொகுதி,
இலவசமாக.

ஊசியில் ஏற்றியது எழுபதின் ஒரு துண்டு.
அதில் முயல் எதைப் படித்ததோ.
பொய்யா சொன்னது?
மூன்று வருடமும் ஒரே ஆளைத்தான்
தவறாமல் சுட்டிக்காட்டியது.
பெயர் எழுதி ஒட்டியவர்கள் நாம்.
அதே எடையில், அதே காய்ச்சலில்
வேறொருவரும் எழுந்து வருகிறார்,
அழைத்தோமா என்று கேட்காமல்.

வியாழன் காலை ஹில்லர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
பத்திரிகைக்கு நான்கு வரி எழுதினார்,
நான்கு தரம் அழித்து.
லேலோவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.
ரொட்டியில் பாதியைப் பிய்த்து
அவள் பக்கம் நகர்த்தினார்.

குழாயை எறிந்துவிடு என்று எல்லோரும் சொன்னார்கள்.
உர்வே பழைய காகிதத்தைச் சுரண்டினாள்,
பென்சிலால் எழுதினாள்:

எழுபது அல்ல.
சூட்டில் வருகிறது.
யார் என்று தெரியவில்லை.

மிச்சம் பதினொரு மைக்ரோலிட்டர்.
அதே தட்டில், அதே குழியில்
திரும்ப வைத்து மூடினாள்.